வெறும் வயிற்றில் வந்த ஈரல்

உலகத்திலேயே மிக ஆரோக்கியமான ஈரல் எங்கள் டாண்டா நகரத்து அரசு மருத்துவமனையில்தான் இருந்தது. சந்தேகப்படுகிறவர்கள் கெய்ரோவிலிருந்து ரயிலேறி வந்து விசாரித்துக்கொள்ளலாம். கொழுப்பு ஒரு துளி கிடையாது, கிருமி கிடையாது, கட்டி கிடையாது. உடம்பும் கிடையாது. ஆனால் தகப்பன் பெயர் உண்டு, பாட்டன் பெயர் உண்டு, முதல் வகுப்பில் குளிர்சாதன வசதியோடு தனி அறை உண்டு, வாசலில் துப்பாக்கி பிடித்த போலீஸ் காவல் உண்டு. ஒரு நாள் மதியம் மின்சாரம் போய் அதற்கு லேசாக வியர்த்தபோது, நைல் டெல்டா முழுவதிலிருந்தும் நிபுணர்கள் ஓடி வந்தார்கள். வந்த வேகத்தில் ஒருவருக்கு ஒற்றைச் செருப்புதான் மிஞ்சியது.

ஊரே இதை நம்பியது. நம்பாத ஆள் ஒருத்திதான்: தஹானி. அந்த ஈரலைச் சமைத்தவரின் மனைவி.

சமைத்தவர் பெயர் ஃபிக்ரி. மருத்துவமனையின் கருவிப் பிரிவில் பொறியாளர். எல்லோரும் அவரை ‘பாஷ்முஹந்திஸ்’ என்று அழைப்பார்கள்; பெரிய பொறியாளர் என்று அர்த்தம். எகிப்தில் சின்னப் பொறியாளர் என்று ஒருவர் இதுவரை பிறக்கவில்லை.

எல்லாம் ஒரு ஸ்கேன் கருவியால் வந்தது. ஒலியை உடம்புக்குள் அனுப்பி, அது திரும்பி வருவதைப் படமாக்குகிற ரகம். புத்தம் புதுசு. அது வந்து இறங்கிய அன்றே அமைச்சகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கையும் வந்து இறங்கியது: ‘திசுப்போலியில் சோதித்துத் தலைநகரக் குழு ஒப்புதல் தரும்வரை, எந்த நோயாளி மேலும் இக்கருவியை வைக்கலாகாது.’ உடனே கருவியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிச் சிவப்பு அரக்கு வைத்து மூடினார்கள். பழைய கருவி இருக்கிறதே என்று கேட்பீர்கள். புதுசு வந்துவிட்ட சந்தோஷத்தில் அதை அன்று காலையிலேயே பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டிருந்தார்கள்.

திசுப்போலி என்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. மனித உறுப்பு மாதிரியே நடந்துகொள்கிற ஒரு பண்டம். ஈரலுக்குள் ஒலி எவ்வளவு வேகமாகப் போகுமோ, இதற்குள்ளும் அதே வேகத்தில் போகவேண்டும். அங்கே எவ்வளவு களைத்துப் போகுமோ, இங்கேயும் அவ்வளவு களைக்கவேண்டும். திரையில் பார்த்தால் மணல் தூவினாற்போல அதே புள்ளிகள் தெரியவேண்டும். வெளிநாட்டில் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். மருத்துவமனை இயக்குநர் டாக்டர் ஷுஹ்தி, ஃபிக்ரியைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார்.

“பாஷ்முஹந்திஸ், இந்தச் சாமானை வெளிநாட்டுலேருந்து வரவழைக்கணும்னா எட்டுப் பேர் கையெழுத்துப் போடணும். அதுல ரெண்டு பேர் செத்துட்டாங்க, இன்னும் அவங்க இடத்துக்கு ஆள் போடல. அதனால நீயே செஞ்சிடு. தேசியத் தயாரிப்பு!”

“செய்யலாம் டாக்டர். ஆனா அதுக்கு ஒரு ஆய்வுக்கூடம்...”

“உன் வீட்டுல சமையலறை இருக்கில்ல?”

“இருக்கு.”

“அப்புறம் என்னப்பா? கோப்புல இதை என்னன்னு எழுதறது?”

“துறையில இதைப் பேய்னுதான் சொல்லுவாங்க, டாக்டர். நிஜம் இல்ல, ஆனா நிஜம் மாதிரியே இருக்குங்கற அர்த்தத்துல.”

டாக்டர் ஷுஹ்தி பேனாவை மூடிவிட்டார். “எழுதித் தொலைச்சிடாத! சம்பளப் பட்டியல்ல ஏற்கெனவே இருக்கிற பேய்ங்களுக்கே என்னால கணக்குச் சொல்ல முடியல.”

ஃபிக்ரி ஒத்துக்கொண்டது தேசத்துக்காக அல்ல. தஹானியின் வலது விலாவுக்காக. எண்ணெய் பட்ட எதையாவது வாயில் வைத்தால் போதும், விலாவுக்கடியில் கத்தியைச் செருகித் திருகுகிறாற்போல் அவளுக்கு வலித்தது. அறுவைப் பிரிவில் காட்டினார்கள். ‘ஸ்கேன் படத்தோட வாங்க’ என்று அனுப்பிவிட்டார்கள். வெளியில் எடுத்த படம் இங்கே செல்லாது. அதற்குத் தனிச் சுற்றறிக்கை இருந்தது. உள்ளே எடுக்கலாமென்றால் கருவி அரக்குக்குள் இருந்தது. ஆக, திசுப்போலி பிறந்தால் குழு வரும், குழு வந்தால் அரக்கு உடையும், அரக்கு உடைந்தால் தஹானிக்குப் படம் கிடைக்கும். ஃபிக்ரிக்கு இதைவிட எளிமையான கணக்கு வாழ்க்கையில் அமைந்ததில்லை.

பள்ளிவாசலைச் சுற்றியிருக்கும் மிட்டாய்க்கடைகளுக்குச் சரக்குப் போடுகிறவனிடம் கடல்பாசியிலிருந்து எடுக்கிற அகர் தூள் வாங்கினார். மருந்துக்கடையில் கிளிசரின். மகளின் பழைய வரைபடப் பெட்டியிலிருந்த பென்சில்களைப் பிளந்து, உள்ளிருக்கும் கரியை மாவாக அரைத்தார். சர்க்கரை போடாத டப்பாப் பால். எல்லாவற்றையும் கலந்து அடுப்பில் ஏற்றியபோது தஹானி வந்தாள்.

“ஃபிக்ரி, என் மொலோகியாக் கீரைப் பானையில என்ன அது?”

“ஈரல்.”

“ஈரலா? பூண்டு எங்க? சீரகம் எங்க?”

“பென்சில் தூள் போட்டிருக்கேன்.”

தஹானி கொஞ்ச நேரம் பானையைப் பார்த்தாள். பிறகு ஃபிக்ரியைப் பார்த்தாள். “எங்க ஊர் மஹல்லாவுல நூற்பாலை மேஸ்திரி ஒருத்தன் என்னைப் பொண்ணு கேட்டு வந்தான், தெரியுமா? குண்டா, வழுக்கையா இருப்பான். ஆனா பென்சிலைச் சமைச்சிருக்க மாட்டான்.”

முதல் ஈரலில் காற்றுக் குமிழி. இரண்டாவதில் கரியெல்லாம் அடியில் தங்கி, பாதி ஈரலாகவும் பாதி அடுப்புச் சாம்பலாகவும் இருந்தது. மூன்றாவதை மாடிவீட்டுப் பூனை தின்றுவிட்டது. நாலாவதை இறக்கிய பிறகு ஃபிக்ரி அச்சைத் தரையில் வைக்கவே இல்லை. மடியில் போட்டுக்கொண்டு, அது இறுகி முடிக்கும்வரை மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் கரி அடியில் இறங்காமல் உள்ளே சமமாக நிற்கும். விலாவை ஒரு கையால் அழுத்திக்கொண்டு தஹானி வாசற்படியில் சாய்ந்து பார்த்தாள்.

“நம்ம பொண்ணு ஹிபா பொறந்தப்ப ஒரு நாள்கூட நீ இப்படி மடியில போட்டு ஆட்டினதில்ல.”

“ஹிபாவுக்குள்ள கரி இல்லையே.”

அவள் சிரித்தாள். சிரித்தது விலாவில் வலித்தது. நிறுத்திக்கொண்டாள்.

ஈரல் அற்புதமாக வந்தது. கல்லூரி ஆய்வுக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஒலி விட்டுப் பார்த்தார்கள். நல்ல குடும்பத்து மனிதனின் ஈரல் மாதிரியே நடந்துகொண்டது. குழுவை அழைப்பதற்கு முன்னால் புதுக் கருவியில் ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிட இயக்குநர் அனுமதி கொடுத்தார். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தட்டில் வைத்து ஃபிக்ரி எடுத்துப் போனார்.

கருவியின் கணினி, நோயாளி எண் இல்லாமல் கண்ணைத் திறக்காது. எண் கொடுக்கிற ஜன்னலில் மதாம் நரிமான், வீட்டுச் சமையலுக்காகச் சுரைப்பிஞ்சுகளைக் குடைந்துகொண்டிருந்தார்.

“எண் வேணும்னா பேர் வேணும். நோயாளி பேர்?”

“நோயாளி இல்ல மதாம். இது ஈரல்.”

“கிப்தா,” என்று சொல்லிக்கொண்டே எழுதினார் மதாம் நரிமான். எங்கள் ஊரில் ஈரலுக்கு அதுதான் பெயர். “தகப்பன் பேர்?”

“தகப்பன்லாம் கிடையாது...”

“தகப்பன் இல்லாதவங்களுக்கு வேற ஜன்னல். அந்த ஜன்னல்காரர் பிரசவ விடுப்புல இருக்காரு.”

“அவரா?”

“எங்க ஆபீஸ்ல அப்படித்தான். தகப்பன் பேர் சொல்றீங்களா, இல்ல அடுத்த ஆளைக் கூப்பிடட்டுமா?”

“எதுல செஞ்சதுன்னு வேணா சொல்றேன். அகர்.”

“கிப்தா அகர். பாட்டன்?”

ஃபிக்ரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “கிளிசரின்.”

“கிப்தா அகர் கிளிசரின்.” மதாம் நரிமான் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். குரலில் மரியாதை ஏறியிருந்தது. “துருக்கி வம்சமா? பேரைக் கேட்டாலே தெரியுது, பழைய பெரிய வீட்டுப் பேரு. எங்க அண்ணியும் அந்த வழிதான். தோல் இப்படித்தான் பளபளன்னு இருக்கும். தாயார் பேர்?”

ஃபிக்ரிக்குக் காது சிவந்துவிட்டது. எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகள் நாலு பேர் கேட்கத் தாயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருவனுடைய தாயின் பெயர் வெளியில் தெரிந்துவிட்டால், அவன் படிப்பை முடித்து வெளியே போகும்வரை அதைச் சொல்லியே சாகடிப்பார்கள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. அவர் சொந்தத் தாயைக் காட்டிக்கொடுப்பதுபோல ஜன்னலுக்குள் தலையை நீட்டிக் கிசுகிசுத்தார்.

“லபன்.”

பால் என்று அர்த்தம். பொய்யில்லை, அரை டப்பா கலந்திருந்தார். மதாம் நரிமான் பண்புள்ள பெண்மணி. கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்.

“பிறந்த இடம்?”

“எங்க வீட்டுச் சமையலறை.”

“வீட்டுப் பிரசவமா? இந்தக் காலத்துலயா? ம்ம், பெரிய வீட்டுக்காரங்க பிடிவாதக்காரங்க.”

எண்ணோடு ஸ்கேன் அறைக்குப் போனால், அங்கே தலைமை நர்ஸ் தட்டிலிருந்ததை ஒரு பார்வையும் கையிலிருந்த சீட்டை ஒரு பார்வையும் பார்த்தார்.

“ஈரல் ஸ்கேன். வெறும் வயிறா வந்திருக்காரா?”

“அதுக்கு வயிறே இல்ல, சிஸ்டர்.”

“அப்ப வெறும் வயிறுன்னு எழுத முடியாதே. வயிறுன்னு ஒண்ணு இருந்து, அதுல ஒண்ணும் இல்லாம இருந்தாத்தான் வெறும் வயிறு.”

“வயிறு இல்லாதது எப்படிச் சாப்பிட்டிருக்கும்?”

“அதை நான் எப்படி நம்பறது? எல்லாருமே சாப்பிடலைன்னுதான் சொல்றாங்க. அப்புறம் பார்த்தா வாயில ஃபலாஃபெல் வடை வாசனை. ராத்திரி இங்கேயே படுக்கட்டும். ஒண்ணும் சாப்பிடலைன்னு நாங்க பார்த்து எழுதித் தர்றோம்.”

சாதாரண வார்டின் வெக்கையில் போட்டால் ஈரல் காய்ந்து தோல் உரிந்துவிடும். குளிர்சாதனம் முதல் வகுப்பில் மட்டும்தான் ஓடியது. அங்கே ஆக்சிஜன் உருளையோடு படுத்திருந்த ரயில்வேக்காரர் ஒருவரை மிகுந்த பணிவோடு நடைபாதைக்கு மாற்றினார்கள். அந்தக் கட்டிலில் வெள்ளைத் தலையணை மேல் கிப்தா அகர் கிளிசரின் படுத்தது.

“உன் ஈரல் எங்க?” என்றாள் தஹானி, ஃபிக்ரி வெறும் தட்டோடு வீடு வந்தபோது.

“அட்மிட் பண்ணிட்டாங்க.”

“யாரை?”

“ஈரலை. முதல் வகுப்புல.”

“ஃபிக்ரி, எனக்கு உடம்பு முடியல. கதை விடாத. கீழ போட்டு உடைச்சிட்டேன்னு சொல்லு, நான் திட்ட மாட்டேன்.”

கதை அதற்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. இரவு உணவுத் தட்டு எல்லா அறைகளுக்கும் போனதுபோல அந்த அறைக்கும் போயிற்று. போனபடியே திரும்பி வந்தது. ‘நோயாளி உணவை மறுத்தார்’ என்று நர்ஸ் எழுதினார். காலையில் அவித்த பருப்பு, பாலாடைக்கட்டி, மறுத்தார். மதியம் சோறும் கோழியும், மறுத்தார். இந்த மருத்துவமனைக் கோழியை மறுத்தவர்கள் முன்பும் உண்டு, ஆனால் ரொட்டியைக்கூடத் தொடாதவர் இல்லை. மறுநாள் பணிக்கு வந்த நர்ஸ் முந்தைய குறிப்புகளைச் சேர்த்துப் படித்துவிட்டு, ஒரே சொல்லில் சுருக்கினார்: ‘உண்ணாவிரதம்.’

அந்தச் சொல் மேலே போயிற்று. எங்கள் நாட்டில் மேலே போகிற கோரிக்கைகள் தொலைந்துவிடும், இந்தச் சொல் மட்டும் வழி தவறுவதில்லை. சாயந்திரமே மப்டியில் ஓர் அதிகாரி வந்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஈரலை விசாரித்தார்.

“உன் கோரிக்கை என்ன? யாரு உன்னைத் தூண்டிவிட்டாங்க? பேரைச் சொல்லிட்டா நீயும் வீட்டுக்குப் போகலாம், நானும் வீட்டுக்குப் போகலாம்.”

ஈரல் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்த அதிகாரி, அங்கே நின்றிருந்த ஃபிக்ரியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படியொரு நெஞ்சழுத்தக்காரனைப் பார்த்ததில்ல. நல்ல பயிற்சி எடுத்தவன்.” அன்றே வாசலில் காவல் போட்டுவிட்டார்கள்.

இப்படியே நாட்கள் ஓடின. ஃபிக்ரி இயக்குநரைத் தேடிப் போனபோது, டாக்டர் ஷுஹ்தி அந்த அறையிலேயே, பூங்கொத்து ஒன்றை ஈரலின் தலைமாட்டில் சரிசெய்துகொண்டிருந்தார். எது தலைமாடு என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கவேண்டும்.

“டாக்டர், இதை எடுத்துட்டுப் போய் ஒரு தடவை ஸ்கேன் பண்ணிடலாமா? இப்ப வெறும் வயிறுன்னு எழுத்துலயே இருக்கு.”

“நோயாளி மேல கருவியை வைக்கக்கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கே, பாஷ்முஹந்திஸ்.”

“இது நோயாளி இல்லையே டாக்டர்! நீங்கதானே என்னைச் செய்யச் சொன்னீங்க?”

“சொன்னேன். அப்ப இதுக்கு எண் இல்ல. இப்ப இருக்கு. எண் வாங்கின ஒருத்தரைப் பிடிச்சு, அவர் சம்மதம் இல்லாம சோதனை பண்ணச் சொல்றியா? மனித உரிமைன்னு ஒண்ணு இருக்குப்பா.” ஈரலின் மேலிருந்த தாளை இழுத்து விட்டார். குரல் கனிந்தது. “இத்தனை வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். இப்படி ஒரு நோயாளி எனக்கு வாய்ச்சதே இல்ல. போர்வை எங்கன்னு கேக்கல. டாக்டர் ஏன் வரலைன்னு கேக்கல. பின்னாடியே பதினஞ்சு சொந்தக்காரங்க வந்து கதவை இடிக்கல. மத்தவங்கள்லாம் வரும்போதே உடம்பையும் தூக்கிட்டு வந்துடறாங்க, தொல்லையே அங்கதான் ஆரம்பிக்குது. உடம்பு இருந்தா வலிக்கும். வலிச்சா கத்துவாங்க. கத்தினா பேப்பர்ல வரும். பேப்பர்ல வந்தா அமைச்சர் போன் பண்ணுவார். என் கனவு என்ன தெரியுமா? கட்டிலுக்கு ஒரு உறுப்பு. வெறும் உறுப்பு. சுத்தமா, சத்தமில்லாம. நாங்க நல்ல மருத்துவமனைதான்ப்பா. எங்களுக்கு நல்ல நோயாளிங்கதான் அமையறதில்ல.”

“டாக்டர், என் மனைவி வலியில துடிக்கிறா. கருவி திறந்தாத்தான்...”

“பார்த்தியா?” என்றார் டாக்டர் ஷுஹ்தி, வருத்தத்தோடு. “நீயும் உடம்பைப் பத்தியே பேசற.”

வீட்டில் தஹானி உப்பில்லாத அவித்த உருளைக்கிழங்கைப் பிட்டு வைத்துக்கொண்டு, தின்னாமல் உட்கார்ந்திருந்தாள். முகம் மஞ்சள் தட்டியிருந்தது.

“உன் ஈரல் எப்படி இருக்கு?” என்றாள், உதட்டைச் சுழித்து.

“சாப்பிட மாட்டேங்குதாம். வாசல்ல போலீஸ் போட்டிருக்காங்க.”

“நானும்தான் சாப்பிடல. எனக்கு ஒரு ஊர்க்காவல்காரனைக்கூட யாரும் போடல.” கிழங்கைத் தள்ளி வைத்தாள். “இருபத்தாறு வருஷம் உன்கூட இருந்துட்டேன், ஃபிக்ரி. நீ சொன்ன எல்லாப் பொய்யையும் நம்பியிருக்கேன். இது முடியல. நாளைக்கு நானே வர்றேன். அந்த அறையில ஒரு ஈரல் படுத்திருக்கிறதை என் கண்ணால பார்த்துட்டா அப்புறம் நீ என்ன சொன்னாலும் நம்பறேன்.”

மறுநாள் விலாவைப் பிடித்துக்கொண்டு அவள் வந்து சேர்ந்தபோது, காவல்காரன் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான்.

“ரத்த சொந்தம் மட்டும்தான் உள்ள போகலாம்மா.”

“நான்தான்டா அதோட அம்மா! என் பானையில பொறந்தது அது!”

“அம்மா பேர் லபன்னு இருக்கே. உங்க பேர்?”

தஹானி நடைபாதை பெஞ்சில், ஆக்சிஜன் உருளையோடு உட்கார்ந்திருந்த ரயில்வேக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “உள்ள எவனோ அமைச்சரோட மாமியார் இருக்கா,” என்று அவரிடம் சொன்னாள். “என் புருஷன் ஈரல்னு சொல்றான்.”

அதே நேரத்தில் முன்வாசலில் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. சொல்லாமல் கொள்ளாமல் தலைநகரக் குழு. தலைவர் டாக்டர் இஸ்ஸத். கூட இரண்டு பேர், அவர்கள் பேசியதாக வரலாறு இல்லை. டாக்டர் ஷுஹ்தி அவர்களைத் தேநீரோடு உட்காரவைத்துவிட்டு, நடைபாதையில் ஃபிக்ரியைப் பிடித்துக்கொண்டார்.

“திசுப்போலி எங்க? உடனே வேணும்!”

“முதல் வகுப்புல படுத்திருக்கு, டாக்டர்.”

“அவரு நோயாளி! இன்னொண்ணு செய். அவங்க தேநீரை முடிக்கிறதுக்குள்ள.”

“இறுகவே அரை நாள் ஆகும்...”

டாக்டர் ஷுஹ்தியின் கண்கள் நடைபாதையில் அலைந்தன. தஹானி மேல் நின்றன. “அது யாரு?”

“என் மனைவி.”

“எண் இருக்கா?”

“இல்ல. படம் இல்லாம பதிவு பண்ண மாட்டேன்னுட்டாங்க.”

“அப்ப நோயாளி இல்ல.” இயக்குநர் தாடையைச் சொறிந்தார். “ஈரல் இருக்கில்ல?”

“இருக்கு... இருக்கணும்.”

“நோயாளியும் இல்ல. ஈரலும் இருக்கு. சுற்றறிக்கைப்படி இதுக்கு என்ன பேரு, பாஷ்முஹந்திஸ்?”

ஃபிக்ரி வாயைத் திறந்தார். அதற்கு மறுப்பு எங்கோ இருந்தது, அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அரக்கு உடையப்போகிறது. அந்தக் கருவி கடைசியில் தஹானியின் விலா மேலேயே வைக்கப்படப்போகிறது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

ஸ்கேன் மேசையில் அவளைப் படுக்கவைத்து, கழுத்து வரைக்கும் பச்சைத் துணியால் மூடி, முகத்தின் மேல் இன்னொரு துணியைப் போட்டார்.

“ஃபிக்ரி, என்ன பண்ற?”

“பேசாத. நீ இப்ப அகர்.”

“எது?”

“அகர். கிளிசரின். கொஞ்சம் பால். மூச்சை மெதுவா விடு. உன்னைக் கும்பிடறேன்.”

கருவி எண் கேட்டது. ஃபிக்ரியிடம் இருந்தது ஒரே ஓர் எண்தான், கிப்தா அகர் கிளிசரினுடையது. அதையே தட்டினார். கருவி கண் திறந்தது.

டாக்டர் இஸ்ஸத், தஹானியின் வயிற்றை இரண்டு விரலால் அழுத்தினார். “சூடா இருக்கே?”

“இப்பத்தான் அடுப்புலேருந்து இறக்கினது, சார்,” என்றார் டாக்டர் ஷுஹ்தி.

“பெருமூச்சு விட்டுதே?”

“காற்றுக் குமிழி.”

“இப்ப என்னமோ என் அம்மாவைப் பத்திச் சொல்லிச்சு.”

“பெரிய குமிழி, சார்.”

டாக்டர் இஸ்ஸத் திரையை வெகுநேரம் பார்த்தார். கழுத்தை இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். பேசாத இருவரும் கூடவே சாய்ந்தார்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“முயற்சியைப் பாராட்டறேன். ஆனா நம்ம தேசியத் தயாரிப்பு இன்னும் ரொம்ப தூரம் போகணும். மனித ஈரலோட இதுக்குப் போதுமான ஒற்றுமை இல்ல. வெளிநாட்டுப் போலியெல்லாம் நான் பார்த்திருக்கேன், அதெல்லாம் மனுஷ ஈரல் மாதிரியே இருக்கும். இது அப்படியா இருக்கு? பித்தப்பை வேற வெச்சிருக்கீங்க, யாரு கேட்டா? அதுக்குள்ள இவ்வளவு பெரிய கல்லு! அலங்காரத்துக்கா? செஞ்சவங்களுக்கே திருப்பி அனுப்புங்க.”

அரசாங்கத்தின் கழுகு முத்திரையை மையில் ஒற்றி, துணிக்கு வெளியே தொங்கிய தஹானியின் மணிக்கட்டில் அழுத்தினார்: ‘நிராகரிக்கப்பட்டது.’ போலி தேறாததால் கருவியும் தேறவில்லை. குழு கார் ஏறுவதற்குள் அதை மறுபடியும் பிளாஸ்டிக்கில் சுற்றி அரக்கு வைத்துவிட்டார்கள்.

தஹானி எழுந்து மேசை விளிம்பில் உட்கார்ந்தாள். முத்திரையை எச்சில் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை. “செஞ்சவங்களுக்குத் திருப்பி அனுப்பணுமாம். மஹல்லாவுக்கு டிக்கெட் எடு. எங்கம்மா ரொம்ப சந்தோஷப்படுவா.”

“தஹானி, கல்லு! கல்லுதான் உன் வலிக்குக் காரணம்! கருவியே பார்த்துச் சொல்லிடுச்சு. வா, அறுவைப் பிரிவுக்குப் போகலாம்.”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். அறுவைப் பிரிவே கலகலவென்று இருந்தது. படம் கணினி வழியாக அவர்களுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. இளம் மருத்துவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“பாஷ்முஹந்திஸ், வாழ்த்துகள்!” என்றார் அறுவை நிபுணர், கையுறை மாட்டிக்கொண்டே. “உங்க முதல் வகுப்பு நோயாளியோட மர்மம் தீர்ந்துடுச்சு. அரசியலும் இல்ல, உண்ணாவிரதமும் இல்ல. பித்தப்பையில கல்லு. அதான் பாவம், இத்தனை நாளா ஒரு வாய் சாப்பிடல. உடனே எடுத்தாகணும்.”

“டாக்டர், அது இவளோட படம்! இந்தக் கல்லு இவளோடது!”

நிபுணர், தஹானியை மேலும் கீழும் பார்த்தார். மணிக்கட்டைப் பார்த்தார். “இதுவா? இது நிராகரிக்கப்பட்ட சரக்குன்னு முத்திரையே இருக்கே. அது மேல நான் எப்படிக் கத்தி வைக்கறது? இவங்களுக்கு வலி இருந்தா ஸ்கேன் படத்தோட வரச் சொல்லுங்க.”

“கருவியைத்தான் மறுபடி மூடிட்டாங்களே!”

“அப்ப திறந்ததும் வரச் சொல்லுங்க,” என்றார் நிபுணர், அன்பாக.

நடைபாதையின் கோடியில் கதவு திறந்தது. தள்ளுவண்டி வந்தது. முன்னால் காவல்காரன், இப்போது துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, வழி விலக்கினான். “ஒதுங்குங்க, ஒதுங்குங்க! அவசர கேஸ்!” பக்கத்தில் டாக்டர் ஷுஹ்தி, நோயாளிக்கு ஆறுதலாகக் கம்பியைப் பிடித்தபடி நடந்து வந்தார். ரயில்வேக்காரர் தன் உருளையைக் காலுக்கிடையில் இழுத்துக்கொண்டார். தஹானி சுவரோடு ஒட்டி நின்றாள். வண்டி அவளைக் கடந்தபோது ஒரு கையால் விலாவை அழுத்திக்கொண்டு, மறு கையால் பச்சைத் துணியின் ஓரத்தைத் தூக்கினாள்.

சாம்பல் நிறத்தில், பளபளவென்று, சக்கரத்தின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் மெல்ல நடுங்கியபடி அது படுத்திருந்தது.

வண்டி உள்ளே போயிற்று. அறுவை அறையின் கதவுகள் சாத்திக்கொண்டன. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

“ஃபிக்ரி.”

“ம்.”

“என் கல்லை எடுக்க அதை உள்ள கொண்டுபோறாங்க.”

“ஆமா.”

தஹானி மெதுவாகச் சுவரைப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“அல்லாஹ் மேல ஆணையாச் சொல்றேன்,” என்றாள். “நீ சொன்னது நடந்ததுதான். ஒண்ணு விடாம அத்தனையும் நடந்ததுதான்.”